கத்திரிக்குப் பிறகு ஈசிஆரில் அதிகாலைக் குழு சவாரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு அதிகாலை கூட்டமாகச் சைக்கிள் ஓட்டுகிறோம். அக்னி நட்சத்திரம் முடிந்ததும், "இனிமே வெயில் குறைஞ்சிடும்" என்று புதியவர்கள் நிறையப் பேர் சேருவார்கள். ஜூன் தொடங்கி ஆடி முடியும்வரை அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கத்திரிதான் முடிஞ்சுபோச்சே, அப்புறமும் எதுக்கு 5 மணிக்கே கிளம்பணும்? 6 மணிக்குப் போனா ஆகாதா?

பஞ்சாங்கத்தில் கத்திரி முடிந்துவிடும், சென்னையில் வெயில் முடியாது. ஜூனிலும் பகல் வெப்பம் 37, 38 டிகிரி சாதாரணம். அந்த மாதங்களில் மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று பலமாக இருந்தால் கடல்காற்று உள்ளே வரத் தாமதமாகும். அப்படிப்பட்ட நாட்களில் 40 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு.

ஜூன் நடுவில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 5:43-க்கு, ஜூலைக் கடைசியில் 5:50-க்கு மேல். வெளிச்சம் அதற்கு 20 நிமிடம் முன்னாலேயே வந்துவிடும். திருவான்மியூரில் 4:45-க்குக் கூடி 5 மணிக்கு உருட்ட ஆரம்பித்தால், இருட்டில் ஓட்டுவது கொஞ்ச நேரம்தான். எங்கே இருந்தாலும் 6:30-க்குத் திரும்புகிறோம், 8 மணிக்குள் வீடு. 6 மணிக்குக் கிளம்பினால் திரும்பும் வழி முழுக்க வெயில்தான். காலையில் கிடைக்கும் நல்ல நேரம் மொத்தமே 3 மணி நேரம். அதில் ஒன்றைத் தூக்கத்துக்குக் கொடுத்தால் மிச்சம் இரண்டுதான்.

என்கிட்ட இருக்கிறது சாதாரண கியர் சைக்கிள். ரோடு பைக் இல்லாம வரலாமா?

தாராளமாக வரலாம். இந்தச் சாலையில் ஏற்றம் என்று சொல்ல முட்டுக்காடு பாலம் மாதிரி ஒன்றிரண்டு இடங்கள்தான். ஹைபிரிட் சைக்கிள் தாராளம். மலைச் சைக்கிளாக இருந்தால் முண்டு முண்டான டயரை மாற்றி வழுவழுப்பான டயர் போட்டுக்கொள்ளுங்கள், அதுவே பெரிய வித்தியாசம் காட்டும். முதல் நாள் முட்டுக்காடுவரை போய்த் திரும்புங்கள். மொத்தம் 40 கி.மீ. அளவு வரும்.

சைக்கிளைவிட முக்கியம் அதன் நிலைமை. முந்தின நாள் மாலையே இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். செயினில் எண்ணெய் இருக்கிறதா, சக்கரம் கோட்டம் இல்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்து, காற்றும் அடித்து வையுங்கள். திருவான்மியூரில் இருட்டில் நின்று பிரேக்கைச் சரிசெய்யும் ஒருவருக்காக மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்தக் கால் மணி நேரம் கடைசியில் வெயிலில்தான் போய்ச் சேரும்.

ஹெல்மெட், லைட் எல்லாம் கட்டாயமா? விடிஞ்சுடுமே?

இரண்டும் கட்டாயம். ஹெல்மெட் இல்லாதவரைக் குழுவில் சேர்ப்பதில்லை. முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் சிவப்பு லைட் வேண்டும்.

விடிந்த பிறகும் பின் லைட்டை அணைக்கக் கூடாது. இதற்குக் காரணம் உண்டு. ஜூன், ஜூலையில் சூரியன் நேர் கிழக்கில் இல்லாமல் வடகிழக்கில் உதிக்கிறது. நாம் திரும்பி வரும்போது சாலையும் அந்தப் பக்கமே சற்றுச் சாய்ந்து வடக்கே போகிறது. அதனால் வெயில் வலது முன்பக்கத்திலிருந்து கண்ணில் அடிக்கும். நமக்குப் பின்னால் வரும் கார் ஓட்டுநருக்கும் அதே கூச்சம்தான். அந்த நேரத்தில் நம் உருவத்துக்கு முன்னால் அவர் கண்ணில் படுவது மினுக்கும் சிவப்பு லைட்தான். நாமும் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. கண்ணில் விழும் மணலையும் பூச்சியையும் அது தடுக்கும்.

நான் மெதுவாத்தான் ஓட்டுவேன். பின்தங்கிட்டா விட்டுட்டுப் போயிடுவீங்களா?

மாட்டோம். மணிக்கு 22 முதல் 25 கி.மீ. வேகத்தில் ஒரு குழு, 28-க்கு மேல் ஒரு குழு என்று கிளம்பும்போதே பிரித்துக்கொள்வோம். முதல் குழுவில் கடைசியாக ஓட்டுகிறவருக்குப் பின்னால் எப்போதும் அனுபவமுள்ள ஒருவர் வருவார். அவரைத் தாண்டி யாரும் பின்னால் இருக்க மாட்டார்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: முடியவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு மூச்சுவாங்கத் துரத்துகிறவர்கள்தான் உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டுவதற்குள் துவண்டுபோகிறார்கள். வேகத்தைக் குறைப்பது குழுவுக்குச் சுமை இல்லை. ஒருவர் சாலையோரம் உட்கார்ந்துவிட்டால்தான் மொத்தச் சவாரியும் நிற்கும்.

4 மணிக்கு எழுந்து என்ன சாப்பிடறது? வெறும் வயித்தோட வரலாமா?

முட்டுக்காடு மட்டும் போய்வர ஒரு வாழைப்பழமும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதும். காபி குடித்துப் பழகியவர்கள் குடித்துவிட்டே வரலாம். அதைவிட நீண்ட சவாரி என்றால் ஜெர்சிப் பையில் பேரீச்சம்பழமோ இன்னொரு வாழைப்பழமோ வைத்துக்கொண்டு, பசிக்கும் முன்பே சாப்பிடுங்கள். பசி தெரிந்த பிறகு சாப்பிட்டால் அது காலுக்கு வந்து சேர நேரமாகும். முந்தின இரவு பிரியாணியை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வருவது மட்டும் வேண்டாம்.

விடியக்காலையில சிலுசிலுன்னு இருக்கணுமே? ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?

காற்று குளிரக் குளிர ஈரப்பதம் ஏறும். சென்னைக் கரையில் நாளிலேயே ஈரப்பதம் அதிகமாக இருப்பது விடியற்காலையில்தான். வேர்வை நம்மைக் குளிர்விப்பது ஆவியாகும்போதுதான். ஈரம் நிறைந்த காற்றில் அது ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாக ஹேண்டில்பாரில் விழும். உடம்பிலிருந்து தண்ணீர் போகும், சூடு போகாது.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது முகத்தில் அடிக்கும் காற்று கொஞ்சம் உதவும். நின்றதும் குபுகுபுவென்று வேர்ப்பது அந்தக் காற்று நின்றுபோவதால்தான். எனவே இடைவழியில் நிற்க நேர்ந்தால் நிழலில், காற்று வரும் பக்கம் நில்லுங்கள். பருத்திச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். சீக்கிரம் உலரும் மெல்லிய துணியே மேல்.

எவ்வளவு தண்ணி எடுத்துட்டு வரணும்? வழியில இளநீர் குடிச்சா போதாதா?

இந்தப் பருவத்தில் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர்வரை தேவைப்படும். இரண்டு பாட்டில் கொண்டு வாருங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் உப்பு சேர்ந்த ஏதாவது. ஓஆர்எஸ் பொட்டலம் வாங்கினால் அதில் எழுதியிருக்கும் அளவுப்படி கரையுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் முறைப்படி தயாரித்த பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கானது. அதை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குடிக்கக் கூடாது.

இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வேர்வையில் அதிகம் போவது சோடியம். அதனால் இளநீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடியுங்கள், அல்லது உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள். ஜூனில் சாலையோரம் நுங்கும் பதநீரும் கிடைக்கும். திரும்பும்போது ஒரு டம்ளர் பதநீர் குடிக்கும் சுகமே தனி. பயந்துகொண்டு வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பதும் தவறு. ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும்.

முன்னாடி போறவருக்குப் பின்னாலயே ஒட்டி ஓட்டச் சொல்றாங்க. எதுக்கு? ஆபத்து இல்லையா?

முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறார். அவருக்குச் சரியாகப் பின்னால் இருப்பவருக்கு அதே வேகத்துக்குக் கால்பங்கு, சமயத்தில் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். வெயில் மாதங்களில் இந்த மிச்சம் பெரிது, ஏனென்றால் குறைவாக உழைத்தால் உடம்பும் குறைவாகச் சூடேறும். குழுவாக ஓட்டுவதன் பெரிய லாபமே இதுதான். முன்னால் இருப்பவர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை விலகிப் பின்னால் போய்விடுவார். புதியவர்கள் முறை எடுக்க வேண்டியதில்லை.

ஆபத்து இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. உங்கள் முன்சக்கரம் அடுத்தவர் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறி நிற்கக் கூடாது. அவர் ஒரு சாண் விலகினாலும் சக்கரங்கள் உரசும். உரசினால் விழுவது பெரும்பாலும் பின்னால் இருப்பவர்தான். முதல் சில வாரங்கள் ஒரு சைக்கிள் நீள இடைவெளி விடுங்கள். முன்சக்கரத்தையே வெறித்துப் பார்க்காமல், முன்னால் இருப்பவரின் தோளுக்கு மேல் சாலையைப் பாருங்கள். சட்டென்று பிரேக் பிடிக்காதீர்கள். வேகம் குறைக்க வேண்டுமென்றால் மிதிப்பதை நிறுத்தினாலே பெரும்பாலும் போதும்.

கையைக் கீழே காட்டறாங்க, ஏதோ கத்தறாங்க. ஒண்ணும் புரியலையே?

கை கீழே ஒரு இடத்தைச் சுட்டினால் அங்கே பள்ளமோ கல்லோ கண்ணாடித் துண்டோ இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் கையை ஒரு பக்கமாக ஆட்டினால் அந்தப் பக்கம் விலகிப் போகப் போகிறோம், ஓரத்தில் வண்டி நிற்கிறது. கையை உயர்த்தினால் நிற்கப் போகிறோம். "வண்டி!" என்று பின்னாலிருந்து குரல் வந்தால் பின்னால் வாகனம் வருகிறது, ஒற்றை வரிசைக்கு வாருங்கள் என்று அர்த்தம்.

நீங்கள் கண்டதை உங்களுக்குப் பின்னால் இருப்பவருக்குக் கடத்துவது உங்கள் வேலை. வரிசையின் முன்னால் காட்டிய கை நடுவில் நின்றுபோனால் கடைசியில் இருப்பவர் பள்ளத்தில் இறங்குவார். கையை எடுக்கப் பயமாக இருந்தால் வாயால் சொன்னால் போதும்.

ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல பேசிக்கிட்டே போகலாமா?

கானத்தூர் தாண்டி, சாலை காலியாக இருக்கும்போது கொஞ்ச தூரம் போகலாம். கொட்டிவாக்கத்திலிருந்து அக்கரைவரை எப்போதும் ஒற்றை வரிசைதான். மீன்வண்டி, பால்வண்டி, முதல் பேருந்து எல்லாம் அந்த நேரத்தில் ஓடும். சனிக்கிழமை இரவுக் கொண்டாட்டம் முடிந்து அசுர வேகத்தில் திரும்பும் கார்களும் அதே நேரத்தில்தான் வரும். என்னைக் கேட்டால் இந்தச் சாலையில் நாயைவிட, வெயிலைவிடப் பயப்பட வேண்டியது அவற்றுக்குத்தான். எங்கே பேசிக்கொண்டு போனாலும் "வண்டி!" என்ற குரல் கேட்டதும் பேச்சு நிற்க வேண்டும்.

நாய் துரத்தினா?

கத்தாதீர்கள், உதைக்காதீர்கள், கோணல்மாணலாக ஓட்டாதீர்கள். நேர்கோட்டில் போங்கள். நாயால் கடிபடுவதைவிட, நாயைப் பார்த்துப் பதறிப் பக்கத்தில் இருப்பவர்மேல் இடிப்பதுதான் அதிகம். தனியாக மாட்டிக்கொண்டால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் அதுவே போய்விடும். கடித்துவிட்டால், கீறலாக இருந்தாலும், சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

பஞ்சர் ஆனா கடை இருக்குமா?

அந்த நேரத்தில் இருக்காது. திறந்திருந்தாலும் இன்னொரு சிக்கல். ரோடு பைக் டியூப்களில் பெரும்பாலும் பிரெஸ்டா வால்வு என்ற மெல்லிய வால்வு இருக்கும். அதன் நுனியில் உள்ள சின்னத் திருகைத் தளர்த்தினால்தான் காற்று ஏறும். பஞ்சர் கடைக் குழாய் அதில் பொருந்தாது. சுண்டுவிரல் நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்று சைக்கிள் கடையில் கிடைக்கும். அதை வாங்கி வால்விலேயே மாட்டி வைத்துவிடுங்கள்.

உபரி டியூப் ஒன்று, டயர் நெம்பி இரண்டு, கைப்பம்பு ஒன்று ஆளுக்கு ஒரு செட் வேண்டும். டியூபை மாற்றும் முன் டயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். இந்தச் சாலையில் துளைப்பது பாதி நேரம் ஆணி இல்லை. வெடித்த லாரி டயரிலிருந்து உதிர்ந்த மயிரிழைக் கம்பி. கண்ணுக்குத் தெரியாது, விரலில் நறுக்கென்று படும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் ஐந்து நிமிடத்தில் அதுவும் போய்விடும்.

ராத்திரி இடி மழை பெஞ்சா மறுநாள் சவாரி உண்டா?

ஜூன், ஜூலையில் மாலையோ இரவோ இடியோடு மழை கொட்டிவிட்டு விடியும்போது வானம் வெறிச்சென்று இருக்கும். மழை நின்று, மின்னலும் இல்லை என்றால் சவாரி உண்டு. தண்ணீர் தேங்கிய இடம் எதிலும் இறங்காதீர்கள், அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. வெள்ளைக் கோடுகளும் பாலங்களின் இரும்பு இணைப்புகளும் ஈரத்தில் வழுக்கும். அவற்றின்மேல் திரும்பவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். மின்னல் வெட்டினால் சவாரி ரத்து, அதில் பேச்சே இல்லை.

ஆடிக்காத்துல ஓட்ட முடியுமா? ஒரு பக்கமாத் தள்ளுதே!

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது சைக்கிள்காரர்களுக்குத்தான் நன்றாகப் புரியும். இந்தக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வரும். தெற்கே போகும்போது வலது முன்பக்கத்திலிருந்து அடித்து நம்மை இடது ஓரத்து மணலுக்குத் தள்ளும். திரும்பும்போது முதுகுக்குச் சற்று உதவினாலும் இடப்பக்கத்திலிருந்து அடித்து, நம்மைச் சாலையின் நடுவே, வண்டிகள் பக்கம் தள்ளும். இரண்டாவதுதான் அபாயம். காற்று கூடவே வருவதால் வேகமும் ஏறியிருக்கும், கவனமும் தளர்ந்திருக்கும்.

மேலே சொன்னபடி ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்து ஓட்டுவதில் இங்கே ஒரு மாற்றம் உண்டு. பக்கக் காற்றில் மறைவு நேர் பின்னால் கிடைக்காது, காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் சாய்வாகக் கிடைக்கும். போகும்போது அது சாலையோரப் பக்கம் என்பதால் கொஞ்சம் இடம்விட்டு ஓட்டலாம். திரும்பும்போது மறைவைத் தேடினால் கார்களின் பாதைக்குள் போய்விடுவோம். அதனால் திரும்பும் வழியில் மறைவைக் கணக்கில் எடுக்காமல் நேர்வரிசையில் வாருங்கள். முட்டுக்காடு பாலத்தில் காற்றைத் தடுக்க ஒன்றுமே இல்லை. அங்கே ஹேண்டில்பாரைத் தாழப் பிடித்து, முழங்கையைத் தளர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். விறைப்பாகப் பிடித்தால் ஒவ்வொரு வீச்சும் சக்கரத்தைத் திருப்பும்.

பிரஷர் மாத்திரை சாப்பிடறேன், வயசு 58. வரலாமா?

உங்களைவிட மூத்தவர்கள் எங்களோடு நன்றாகவே ஓட்டுகிறார்கள். ஆனால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகம் வெளியேற்றும், சில இதயத் துடிப்பு ஏறவிடாது. இரண்டுமே உடம்பு வெயிலைத் தாங்கும் விதத்தை மாற்றும். "விடியற்காலையில் இரண்டு மணி நேரம் சைக்கிள், வேர்வை அதிகம்" என்று அவரிடம் விவரமாகச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் குளுக்கோஸ் வைத்துக்கொண்டு, குழுவுக்குப் பின்னால் வரும் அனுபவமுள்ளவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவும்.

தலை சுத்துற மாதிரி இருந்தா கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுத் தொடரலாம்தானே?

கூடாது. தலைசுற்றல், குமட்டல், வெயிலில் உடம்பு சிலிர்ப்பது, காரணமில்லாமல் எரிச்சல் வருவது, இவற்றில் எது வந்தாலும் உங்கள் சவாரி அன்றைக்கு முடிந்தது. நிழலில் உட்காருங்கள், ஹெல்மெட்டைக் கழற்றுங்கள், தலையிலும் கழுத்திலும் அக்குளிலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் தெளிந்தாலும் ஆட்டோவிலோ காரிலோ வீட்டுக்குப் போவதே சரி.

பக்கத்தில் ஓட்டுகிறவர் பேச்சு குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், நேராக ஓட்ட முடியாமல் ஆடினால் உடனே நிறுத்தி 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வேர்வை நின்றால்தான் வெப்பவாதம் என்று பலர் நினைக்கிறார்கள். உடலுழைப்பால் வருவதில் வேர்வை கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஆள் விழுந்துவிடலாம்.

200 கி.மீ. பிரிவே ஓட்ட ஆசை. இந்தச் சவாரி பயிற்சிக்குப் போதுமா?

தொடக்கத்துக்குப் போதும். பிரிவே என்பது குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சவாரி. 200 கி.மீ. பிரிவேக்குக் கால அளவு 13 மணி 30 நிமிடம். கணக்குப் பார்த்தால் வேகம் அவ்வளவு தேவையில்லை. பகல் முழுக்க உடம்பைப் பார்த்துக்கொள்வதுதான் சோதனை. ஞாயிறு சவாரியில் சாப்பாடு, தண்ணீர், உப்பு எல்லாம் உங்களுக்கு எவ்வளவு ஒத்துக்கொள்கிறது என்று குறித்து வையுங்கள். வெயிலில் நீண்ட நேரம் ஓட்டிப் பார்ப்பதைக் குழுவோடு செய்யாதீர்கள். அதைக் காருடன் துணைக்கு ஒருவர் வரும் நாளில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டிபுலம் வந்தாச்சு, மாமல்லபுரம் கூப்பிடு தூரம். 6:30 ஆயிடுச்சுன்னு திரும்பச் சொல்றீங்களே, நியாயமா?

நியாயம்தான், இந்த ஒரு விதியில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அங்கிருந்து போய்வர இன்னும் 15 கி.மீ.க்கு மேல் ஆகும். களைத்த காலுக்கு அது 40 நிமிடத்துக்குக் குறையாது. அந்த 40 நிமிடம் 6:30-க்குப் பக்கத்தில் சேராது, சவாரியின் கடைசியில் போய்ச் சேரும். பாட்டில் காலியாகி, ஈஞ்சம்பாக்கம், நீலாங்கரையில் கடைகள் திறந்து வண்டிகள் நெருக்கும் 8:40 வெயிலில் அதை ஓட்ட வேண்டும். உங்களால் முடியலாம். மெதுவாகக் கடைசியில் ஓட்டிவரும் புதியவரால் முடியுமா என்று பார்த்துத்தான் திரும்பும் மணியை வைத்திருக்கிறோம்.

மாமல்லபுரம் பார்க்க வேண்டுமென்றால் வழி இருக்கிறது. கோவளம்வரை சைக்கிள்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து 5:15-க்குக் கிளம்பினால், போய்வர மொத்தம் 40 கி.மீ. அளவுதான். 6:30-க்கு முன்பே கடற்கரைக் கோயில் பக்கம் நின்று டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். அந்த வழி வேண்டும் என்பவர்கள் வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள். சைக்கிள் மாட்டும் ஸ்டாண்ட் உள்ள கார்கள் எத்தனை கிடைக்கும் என்று பார்த்துத்தான் ஆள் கணக்கை முடிவு செய்ய முடியும்.